ஆஷ்மியர் ஏரிக்குத் தெரிந்த தமிழ்

இங்கிலாந்தின் வடக்கே, மனிதரைவிட ஆடுகளும் ஆடுகளைவிட மழைநாட்களும் அதிகமாக உள்ள ஒரு மலை மடிப்பில், ஆஷ்மியர் என்கிற கிராமத்தில், மாசி மாதத்து வியாழக்கிழமை ஒன்றின் காலையில், ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர் ஜெஃப்ரி ஹோம்வுட் ஏரிக்கரையில் நின்று "பிஸ்கட், இங்கே வா" என்று தன் நாயை ஆங்கிலத்தில் கூப்பிட, அதுநாள்வரை யார் எதைச் சொன்னாலும் அதையே அப்படியே எதிரொலித்துக்கொண்டிருந்த அந்த ஏரி, "பிஸ்கட், இஞ்சை வா மோனை, கெதியா வா" என்று தமிழில் சொன்னது. அது தமிழ் என்று ஹோம்வுட்டுக்குத் தெரியாது. நாய்க்கும் தெரியாது, ஆனாலும் ஒன்பது வருடங்களில் முதல் தடவையாகக் கூப்பிட்டதும் ஓடி வந்தது. ஹோம்வுட் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டு வீட்டுக்குப் போய் முட்டை அவித்துச் சாப்பிட்டார்.

ஆஷ்மியர்க்காரர் எதற்கும் லேசில் ஆச்சரியப்படுகிறவர்கள் அல்ல. ஆச்சரியப்படுவது வெளியூர்க்காரர் பழக்கம் என்று அவர்களுக்கு ஓர் எண்ணம். மாதாந்த ஊர்ச்சபைக் கூட்டத்தில், பாதையோரப் புல் வெட்டுவதற்கும் தேவாலயக் கூரையின் ஒழுக்குக்கும் நடுவே ஏழாம் விடயமாக ஏரி எடுத்துக்கொள்ளப்பட்டது. எதிரொலி ஏன் மாறியது என்று ஒருவரும் கேட்கவில்லை. காலை எட்டு மணிக்கு முன்னால் அதை அனுமதிக்கலாமா என்பதைப் பற்றித்தான் ஒன்றேகால் மணிநேரம் விவாதித்தார்கள். முழங்கால்வரை ரப்பர்ச் சப்பாத்து அணிந்தே எல்லாக் கூட்டத்துக்கும் வருகிற தலைவி திருமதி பெட்டிஃபர், கத்த விரும்புகிறவர்கள் வரிசையில் நின்று, ஆளுக்கு இரண்டு வசனத்துக்கு மேற்படாமல் கத்திவிட்டு, அடுத்தவருக்கு இடம்விட வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். அது ஏகமனதாக நிறைவேறியது. மறுநாளே ஏரிக்கரையில் வரிசை நின்றது. மொழி வேல்ஸ் நாட்டுடையதாக இருக்கலாம் என்று பக்கத்து ஊரிலிருந்து வேல்ஸ்காரர் ஒருவரை, குழாய் திருத்துகிறவரை, அழைத்து வந்தார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, "எங்களுடையது இல்லை, இதில் சூடு அதிகம்" என்று சொல்லிப் போய்விட்டார்.

இவ்வளவு நடந்தும், அந்த ஊரின் ஒரேயொரு தமிழ்க் குடும்பத் தலைவரான பரநிருபசிங்கத்துக்கு ஒன்றும் தெரியாது. ஊரார் அவர் பெயரைச் சொல்லிப் பார்த்துக் களைத்து 'பரா' என்று ஆக்கியிருந்தார்கள். கடையும் தபால் கந்தோரும் ஒன்றேயான அந்த இடத்தின் கல்லாவுக்குப் பின்னால் இருபத்திரண்டு வருடங்களாக அவர் நின்றார். கடையிலிருந்து ஏரி ஆறு நிமிட நடை. வந்த வருடம் ஒருமுறை போய், ஊருக்கு அனுப்பப் படம் எடுத்துக்கொண்டு, குளிரில் மூக்கு ஒழுகத் திரும்பியவர், அதற்குப் பிறகு போகவில்லை. போக நேரமும் கிடையாது, ஏனென்றால் காதில் எப்போதும் தொலைபேசி. அவர் தன் பாடசாலைப் பழைய மாணவர் சங்கத்தின் தலைவர், இன்னொரு பேரவையின் செயலாளர், மூன்று வாட்ஸ்அப் குழுக்களின் நிர்வாகி. புலம்பெயர்ந்த மண்ணில் தமிழைக் காப்பது எப்படி என்ற தலைப்பில் அந்த மாதம் மட்டும் நான்கு கூட்டங்களில், தபால் முத்திரை குத்திக்கொண்டே, தொலைபேசிவழி உரையாற்றியிருந்தார். அதே மாதம் அதே வீட்டில் தன் மனைவியோடு அவர் பேசிய தமிழ், தேத்தண்ணி, சாப்பாடு, ஓம் ஓம் என்பவற்றைத் தாண்டவில்லை. இதையெல்லாம் பிற்பாடு அவரே கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார் என்பதால், நாம் சொல்வதில் தவறில்லை.

மனைவி பெயர் யோகாம்பிகை. ஊரார் சுருக்கி 'யோகா' என்று கூப்பிட்டார்கள். வகுப்பு எந்த நாளில் என்று இதுவரை பதினான்கு பேர் அவளிடம் விசாரித்திருக்கிறார்கள். ஆங்கிலம் அவளுக்கு விளங்கும், ஆனால் வாய்க்கு வர மறுக்கும். ஒரே மகள் படிக்கப் போய், பிறகு வேலைக்குப் போய், பிறகு கல்யாணமாகிப் போய்ப் பதினொரு வருடங்கள். தினமும் பின்னேரம் மூன்று மணிக்கு யோகாம்பிகை தொப்பியும் மழைக்கோட்டும் போட்டுக்கொண்டு வெளியே இறங்குவாள். சீனி வருத்தத்துக்கு வைத்தியர் நடக்கச் சொன்னார், நடக்கிறாள் என்பது பரநிருபசிங்கத்தின் கணக்கு.

பங்குனி மாதத்தில் ஒருநாள் தபால்தலை வாங்க வந்த ஹோம்வுட், சில்லறை தேடியபடி, பழக்கத்தில் வந்தவர்போல, "கோதாரி" என்றார்.

பரநிருபசிங்கம் தொலைபேசியில் செயற்குழுவை அந்தரத்தில் விட்டுவிட்டு, "என்ன சொன்னீர்கள்?" என்று கேட்டார்.

"மன்னிக்கவும், கெட்ட வார்த்தையோ? ஏரி அடிக்கடி சொல்லும். 'என்ன குளிர் இது' என்று கத்தினால், 'என்ன கோதாரிக் குளிரப்பா' என்று வரும். காதுக்கு இதமாக இருக்கிறது."

அரை மணிநேரத்துக்குள் திருமதி பெட்டிஃபர் முன்னே போக, வரிசையில் நின்றவர்கள் மரியாதையாக வழிவிட, பரநிருபசிங்கம் ஏரிக்கரையில் நின்றார். தலைவி கைகளை வாயருகே குவித்து, "மதிய வணக்கம், யாராவது இருக்கிறீர்களா?" என்று கத்தினார். சாம்பல் நிறத் தண்ணீர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆரப்பா அங்கை? இருக்கிறியளோ, இல்லாட்டி நித்திரையோ?" என்றது.  வெறும் தமிழ் அல்ல, அவருடைய சொந்த ஊர்ப்பக்கத்து வடமராட்சித் தமிழ். பருத்தித்துறைச் சந்தையில் மீன் வாங்கும்போது கேட்கிற தமிழ்.

அன்றிலிருந்து அவர் ஆஷ்மியர் ஏரியின் அதிகாரபூர்வ மொழிபெயர்ப்பாளர். சட்டையில் குத்த ஓர் அட்டை கொடுத்தார்கள். மூன்று மணிவரை கடையை யோகாம்பிகையிடம் விட்டுவிட்டு, கரையில் ஒரு மடக்குக் கதிரை போட்டு அவர் உட்கார்ந்தார். அன்று மாலையே சங்கத்து உறுப்பினர்களுக்கு ஐம்பது நிமிட உரை ஒன்றும் நிகழ்த்தினார். கல்தோன்றுவதற்கு முன்பே தண்ணீருக்குத் தமிழ் தெரிந்திருக்கிறது, ஆங்கிலேயரின் ஏரிகள் இப்போதுதான் அதை நினைவுகூரத் தொடங்கியுள்ளன என்பது உரையின் சாரம். பலத்த கரகோஷம். லண்டனிலிருந்து சனிக்கிழமைகளில் பேருந்துகள் வந்தன. இடியப்பப் பார்சலோடும் ஒலிபெருக்கியோடும் இறங்கியவர்கள், வரிசை என்பதைக் கண்டு முதலில் திகைத்து, பிறகு அதற்குள் தங்கள் ஆட்களைத் தேடிப் பிடித்து நடுவில் நுழைந்து, ஆங்கிலத்தில் கத்தித் தமிழில் கேட்டுக் கண்கலங்கினார்கள். மூன்றாம் வாரம், ஏரி பேசுவது வடமராட்சித் தமிழா தீவுப்பகுதித் தமிழா என்று சர்ச்சை எழுந்து, நான்காம் வாரம் இரண்டு ஏரிச் சங்கங்கள் உருவாயின. இரண்டுக்கும் பரநிருபசிங்கம் தலைவர்.

ஊர் இதையும் பழகிக்கொண்டது. புல்வெளியில் பேருந்து நிறுத்த இடம் ஒதுக்கினார்கள். 'தயவுசெய்து மெதுவாகக் கத்தவும்' என்று பரநிருபசிங்கம் எழுதிக்கொடுத்த தமிழ்ப் பலகையை நட்டார்கள். தேவாலயப் பெண்கள் தேநீர்க் கூடாரத்தில் பருப்பு வடை சுட்டு, அதன்மேல் வெண்ணெய் தடவி விற்றார்கள். கோதாரி என்றால் என்ன என்று அவர்கள் யோகாம்பிகையிடம் கேட்டபோது, கொள்ளைநோயைச் சொல்லித் திட்டும் சொல் அது என்ற உண்மையைச் சொல்லக் கூச்சப்பட்டு, "காலநிலை" என்று ஒற்றை ஆங்கிலச் சொல்லில் சொல்லிவைத்தாள். அதிலிருந்து பாதிரியார் முதல் பால்காரர்வரை "இன்று அருமையான கோதாரி" என்று தொப்பியை உயர்த்திச் சொல்லிக்கொண்டு போனார்கள்.

வைகாசியில் ஊர்த் திருவிழா. மைதானத்துக்குப் பதில் ஏரிக்கரையிலேயே வைத்தார்கள். எண்ணூறு பேர் இருந்திருப்பார்கள். திருமதி பெட்டிஃபர் மேடையேறி, ஏரியைப் பார்த்து, "அன்பான நண்பர்களே, பொறுமையோடு காத்திருந்ததற்கு நன்றி" என்று தொடங்கினார். ஏரி வழக்கத்தைவிடச் சற்று அதிக நேரம் யோசித்தது.

"பொறுமையோ? எவ்வளவு காலத்துக்கப்பா பொறுமை?" என்றது. "காத்திருந்து காத்திருந்து தேத்தண்ணியும் ஆறிப்போச்சு. உந்த மனுசன் ரெலிபோனை வைச்சாத்தானே நான் ஒரு கதை சொல்ல."

பரநிருபசிங்கம் ஒலிவாங்கியைப் பிடித்து வசனம் வசனமாக ஆங்கிலப்படுத்தினார். பொறுமை எவ்வளவு காலத்துக்கு. தேநீர் ஆறிவிட்டது. அந்த மனிதர் தொலைபேசியை வைத்தால்தானே... அந்த இடத்தில் அவருடைய சட்டைப்பைக்குள் தொலைபேசி அடித்தது. எண்ணூறு பேரும் சிரித்தார்கள். அது ஏற்பாடு செய்த வேடிக்கை என்று நினைத்துச் சிலர் கைதட்டினார்கள்.

அவர் சிரிக்கவில்லை. 'ஆறிப்போச்சு' என்பதில் கடைசி எழுத்தை இப்படி இழுத்துக் கீழே போடுகிறவள் உலகத்தில் ஒருத்திதான். கூட்டத்தில் அவளைத் தேடினார். அவள் அங்கே இல்லை. அவர் விட்டுவந்த கல்லாவில் நின்றாள்.

வீட்டுக்குப் போனபோது யோகாம்பிகை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சேரும், நீர் குளத்தோடை கதைக்கிறனீரோ?"

"ஓம்."

"எவ்வளவு காலமா?"

"பிள்ளை போன நாளிலையிருந்து."

"நீர் நடக்கப் போறீர் எண்டெல்லோ நான் நினைச்சனான்."

"நடந்துதானே போறனான்." அவள் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். "பின்னை ஆரோடை கதைக்கிறது? அது திருப்பிக் கதைக்குமெண்டு நான் நினைக்கேல்லை. கேட்டாப் போதுமெண்டு இருந்தனான்."

"எனக்குச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னனான். நீங்கள் 'ஓம் ஓம்' எண்டனீங்கள்."

அவருக்கு அதற்குமேல் கேட்க ஒன்றுதான் இருந்தது. "அப்பிடி என்னதான் சொன்னனீர்?"

"அதைக் குளத்தைக் கேளுங்கோ," என்றாள் யோகாம்பிகை. கோபம் இல்லை. ஒருமுறை சொல்லிமுடித்ததை மறுபடி சொல்லும் சோம்பல்தான் இருந்தது, அது கோபத்தைவிட அவரைச் சுட்டது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு, வரிசை தொடங்கும் முன்பே, அட்டையைக் கழற்றி வைத்துவிட்டு அவர் ஏரிக்குப் போனார். ஹோம்வுட் நாயோடு அங்கே நின்றார். பரநிருபசிங்கத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்று மழை வராது போலிருக்கிறது" என்று சொல்லி நாயை இழுத்துக்கொண்டு விலகினார். அந்த ஊரில் ஒருவருக்கு ஒருவர் ஆறுதல் சொல்வது இதற்கு மேல் வழக்கமில்லை.

ஏரிக்குத் தெரிந்த தமிழ் முழுவதும் அவள் கொடுத்தது. ஆகவே யார் எதைச் சொன்னாலும் அவள் எப்போதோ சொன்ன ஒன்றைத் தேடி எடுத்துத்தான் அது பதில் தர வேண்டும். பரநிருபசிங்கம் ஆங்கிலத்தில், பாடசாலைப் பிள்ளையைப்போல, ஒவ்வொரு சொல்லாகக் கத்தினார். சமையல் என்று கத்தினார். "முருங்கைக்காய்க்கு உப்புக் கூடிப்போச்சு, மனுசன் கண்டுபிடிக்கேல்லை" என்று வந்தது. மகள் என்று கத்தினார். "கிழமைக்கொருக்கா ரெலிபோன் எடுக்கிறாள், பாவம், அவளுக்கும் வேலை" என்று வந்தது. அக்கா என்று கத்தினார், ஏன் கத்தினோம் என்று உடனே நினைத்தார்.

 ஏரி மெதுவாக, "அக்கா போட்டா," என்றது. "நான் போகேல்லை. சங்கத்தின்ரை விளையாட்டுப் போட்டி இருக்கு, அடுத்த வருசம் போவம் எண்டார். அக்கா அடுத்த வருசம்வரைக்கும் கிடப்பாவே?"

நான்கு வருடங்களுக்கு முன்னால் நடந்தது. யோகாம்பிகையின் அக்கா இறந்த செய்தி வந்த அன்று பரநிருபசிங்கம் சும்மா இருக்கவில்லை. இருபது வரிகளில் ஒரு கண்ணீர் அஞ்சலி எழுதிச் சங்கத்துக் குழுவில் போட்டார். நூற்றுப் பன்னிரண்டு பேர் கைகூப்பினார்கள். சிலர் கவிதை நன்று என்றார்கள். அதைப் பக்கத்து அறையில் இருந்தவளுக்கு அவர் வாசித்துக்கூடக் காட்டவில்லை. இருபது வரியும் அவருக்கு இப்போது நினைவுக்கு வந்தது. அதில் 'விண்ணேகினாய்' என்று மூன்று இடத்தில் இருந்தது. ஈரப்புல்லில் உட்கார்ந்து, வயது அறுபத்துநான்கில், மூக்கைச் சட்டைக்கையில் துடைத்தார்.

அன்று அவர் மூன்று சங்கங்களிலிருந்து விலகினார். தொலைபேசியை அரிசிப் பெட்டிக்கு மேலே வைத்தார். மேசைக்கு வந்து யோகாம்பிகைக்கு எதிரே உட்கார்ந்தார், உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, பேச ஒன்றுமே இல்லையென்று. நானூறு பேருக்கு முன்னால் குறிப்பில்லாமல் ஒருமணிநேரம் பேசுகிறவருக்கு வியர்த்தது.

"மழை வரும் போலை," என்றார்.

"வெள்ளைக்காரர் மாதிரிக் கதையாதையுங்கோ," என்றாள் அவள். ஆனால் எழுந்து போகவில்லை.

இதற்கிடையில் ஏரிக்குத் தமிழ் வந்த வழி ஊருக்குள் பரவிவிட்டது. இவ்வளவு காலமும் ஒரு மனுசி கரையில் நின்று தனக்குத்தானே பேசியதைத் தூரத்திலிருந்து பார்த்தும், தலையிடுவது அநாகரிகம் என்று விலகிப்போனவர்கள்தான் அவர்கள் எல்லாரும். வெட்கப்பட்டார்கள். வெட்கத்தை வாயால் சொல்லத் தெரியாததால் கடைக்கு வந்து தேவையில்லாத தபால்தலைகளை வாங்கினார்கள். ஏரியிடம் கற்ற அரைகுறைத் தமிழில், "சாப்பிட்டியளோ?" என்று காலை ஒன்பது மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் கேட்டார்கள். அவள் திருத்தினாள். அவர்கள் திருப்பிச் சொன்னார்கள். ஆனி மாதம் முடிவதற்குள் மூன்று மணிக்கு வெளியே இறங்க அவளுக்கு நேரமே இல்லாமல் போனது.

ஏரி இளைக்கத் தொடங்கியது. தண்ணீர் குறையவில்லை, தமிழ்தான் குறைந்தது. முதலில் 'மோனை' போயிற்று. பிறகு வசனத்தின் நடுவே ஆங்கிலம் தலைகாட்டியது. ஆடி நடுப்பகுதியில், யார் எதைக் கத்தினாலும் "ஓம் ஓம்" என்று மட்டும், வேறெங்கோ கவனமாக இருப்பதுபோல, பதில் வந்தது. சனிக்கிழமைப் பேருந்துகள் இரண்டாகி, ஒன்றாகி, அதிலும் பாதி இருக்கைகள் காலியாகின.

ஊர்ச்சபை அவசரமாகக் கூடியது. அடுத்த நாள் திருமதி பெட்டிஃபர் ரப்பர்ச் சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு, இதுவரை செய்திராத மரியாதையாக, கடைக்குள் வந்தார்.

"திரு. பரா, இதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. தங்களுக்கும் தங்கள் மனைவிக்கும் இடையே நிலைமை மேம்பட்டதில் சபைக்கு மிகுந்த மகிழ்ச்சி. அதைப் பதிவும் செய்திருக்கிறோம்."

"நன்றி."

"ஆனால், சங்கடமில்லையென்றால், வாரத்தில் மூன்று பின்னேரங்கள் மட்டும், தாங்கள் பழையபடி அவரைக் கவனிக்காமல் இருக்க முடியுமா? இலையுதிர்காலம்வரைக்கும் போதும்."

பரநிருபசிங்கம் கோபப்பட்டிருக்க வேண்டும். கோபம் வருவதற்கு முன்னால் ஒரு சின்ன ஆசுவாசம் வந்தது என்பதை அவர் பிற்பாடு மறைக்கவில்லை. அரிசிப் பெட்டியை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். மூன்று பின்னேரம். ஊர் நலனுக்காக. தீர்மானம்கூட இருக்கிறது.

உள்ளே போய் யோகாம்பிகையிடம் சொன்னார், ஆசுவாசத்தையும் சேர்த்தே. அவள் கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தாள். சுவரில் கைவைத்துக்கொண்டு, கண்ணீர் வர, மூச்சு வாங்கச் சிரித்தாள். அவள் இப்படிச் சிரிப்பதை அவர் கடைசியாக எந்த நாட்டில் பார்த்தார் என்று யோசிக்க வேண்டியிருந்தது.

"செய்யுங்கோவன்," என்றாள். "உங்களுக்கு அது கஷ்டமான வேலையில்லையே."

"விசர்க்கதை கதையாதையும்."

"பின்னை என்ன செய்யப்போறியள்? அவை பாவங்கள், ஆசையாக் கேக்கினம். குளமும் பாவம். நான் அதை விட்டிட்டு இருந்திட்டன்."

அவர் மழைக்கோட்டை எடுத்து அவளிடம் நீட்டினார். தனக்கென்று ஒன்று இல்லாததால் கடையில் விற்பனைக்குத் தொங்கிய மஞ்சள் கோட்டை மாட்டிக்கொண்டார். மூன்று மணிக்குக் கடையைப் பூட்டி, 'ஏரிக்குப் போயிருக்கிறோம்' என்று ஒட்டிவைத்தார்கள். வழியில் நின்றவர்கள் பார்க்காத பாவனையில் பார்த்தார்கள். கரையிலிருந்த வரிசை, நான்கே பேர்தான், தானாகவே கலைந்து தேநீர்க் கூடாரத்துக்குள் போனது.

மேற்குக் கரையில் மரவாங்கு ஒன்று உண்டு. அவள் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்தாள். அவர் மற்ற முனையில் உட்கார்ந்து, பிறகு கொஞ்சம் நகர்ந்தார். தண்ணீரில் ஒரு சுழிப்பும் இல்லை. சொல்லத் தயாரித்து வந்தது எல்லாம், வழக்கத்துக்கு மாறாக, மறந்துபோனது.

"அக்காவைப் பற்றிச் சொல்லும்," என்றார்.

"என்னத்தைச் சொல்ல?"

"எனக்கு அவவை வடிவாத் தெரியாது. கலியாண வீட்டிலை பாத்ததுதான்."

 அவள் தண்ணீரைப் பார்த்தபடி தொடங்கினாள். அக்கா பத்தாம் வகுப்புப் படிக்கும்போது, அப்பாவின்ரை சைக்கிளைக் களவாக எடுத்து, தங்கச்சியைப் பின்னால் ஏற்றி, கடற்கரை வீதியில் ஓடப் பழகிய கதை. நிறுத்தத் தெரியாமல் வீதி முடியும் முனை வரைக்கும் போனது. எழுபத்தொன்பதாம் ஆண்டு.

"எழுபத்தெட்டு," என்றார் பரநிருபசிங்கம். "எழுபத்தொன்பதிலை அந்த வீதி..."

"என்ரை அக்காவோ, உங்கடை அக்காவோ?"

"இல்லை, நான்..."

"நடுவிலை கதையாதையுங்கோ. எங்கை விட்டனான்? ஆ, சைக்கிள் நிக்குதில்லை. எதிரிலை கள்ளுப்பானையோடை ஒருத்தர் வாறார். அக்கா மணியை அடிக்கிறா, மணி வேலை செய்யேல்லை. நான் பின்னாலை இருந்து 'அம்மா' எண்டு கத்துறன். அக்கா கத்தேல்லை. சிரிக்கிறா. அந்தச் சிரிப்பைத்தான் எனக்கு..." அந்த இடத்தில் அவள் குரல் நின்றுவிட்டது.

பரநிருபசிங்கம் அவளைப் பார்த்தார்.  'ஓம் ஓம்' என்பது நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கினார்.

அப்போது ஏரி, யாரும் கத்தாமல், யாரும் கூப்பிடாமல், தானாகவே, மெல்லிய குரலில், "பிறகு?" என்றது.

இருபத்திரண்டு வருடம் பிந்தி, ஏரிக்கும் ஒரு நொடி பிந்தி, பரநிருபசிங்கமும் கேட்டார்.

"பிறகு?"

யோகாம்பிகை மூக்கை உறிஞ்சிக்கொண்டு, யாருக்குப் பதில் சொல்வது என்பதுபோல ஏரியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அவர் பக்கமாகக் கொஞ்சம் திரும்பி உட்கார்ந்து, "பிறகென்ன," என்றாள், "நேரா அந்தாளிலைதான் போய் விழுந்தம்."